மூன்று கரடு தாண்டி வந்த சம்மதம்

பொறையமலைக்காரர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. பொய் பேசத் தெரியாது. ஒரு வேலையை ஒப்படைத்தால், எப்படிச் செய்யச் சொன்னோமோ அப்படியே செய்வார்கள். வந்த வினையெல்லாம் அந்த ஒரு குணத்தால் வந்ததுதான்.

மலைக்கு டெலிபோன் ஏறாத காலம் அது. கம்பம் நட்டால் யானை சாய்த்தது. யானை விட்டு வைத்ததைக் காற்று சாய்த்தது. அடிவாரத்தில் காரைக்காட்டில் ஞானதிரவியம் என்று ஒருவர் குடியிருந்தார். தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே பேசுகிற ஹாம் ரேடியோ என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மழைக்காலத்தில் பாதை அடைத்துக்கொண்டால் மேலே இருப்பவர்களுக்குச் சேதி போக ஒரு வழி வேண்டுமே என்று, கரடு என்று சொல்கிற மூன்று பாறைக் குன்றுகளின் தலையிலும் ஒரு குடிசை போட்டு, குடிசைக்கு ஒரு பெட்டி வைத்தார். முதல் கரடு, நடுக்கரடு, மேக்கரடு. அதற்கும் மேலே உச்சியூர்.

சார் கீழே கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டுவார். அது பொட்டலமாகக் கட்டப்பட்டு ரேடியோவில் கிளம்பும். முதல் கரட்டுப் பெட்டி அதைக் காதில் வாங்கி, அப்படியே திருப்பி அனுப்பும். அதை நடுக்கரடு வாங்கித் திருப்பும். அதை மேக்கரடு வாங்கித் திருப்பும். கடைசியில் உச்சியூர்க் குடிசையில் ஒரு சின்னத் திரையில் எழுத்தாக வந்து விழும். ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. இடையில் மனிதர்கள் யாரும் இல்லாததால் நடந்தது.

சித்திரையில் ஒரு இடி. மூன்று பெட்டிகளும் கருகிப் போயின. ரிப்பேருக்கு மெட்ராசுக்கு அனுப்பினால் திரும்பி வர ஆறு மாசம் ஆகும் என்றார்கள்.

மலையில் ரேடியோ உரிமம் வைத்திருந்தவர்கள் நாலே பேர். சார்தான் பாடம் சொல்லிக் கொடுத்துப் பரீட்சைக்கு அழைத்துப் போனார். புத்தகத்தை ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்து, விடைத்தாளில் பக்க எண்ணையும் சேர்த்து எழுதித் தேறியவர்கள். முதல் கரட்டில் சென்னியப்பன். வயதில் மூத்தவர், எதையும் யோசித்துத்தான் பேசுவார், யோசித்ததால் பேச்சு ஒன்றும் மாறாது. நடுக்கரட்டில் கருப்பணன், எதிலும் ஒரு சந்தேகம் கேட்பான். மேக்கரட்டில் ராமாத்தாள், புருஷன் இல்லாதவள், கணக்கில் புலி. உச்சியூரில் நாச்சிமுத்து, முப்பத்தொன்பது வயசு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்தக் கதை நாச்சிமுத்துவின் கல்யாணத்தைப் பற்றியது.

சார் நாலு பேருக்கும் கையில் பிடித்துப் பேசுகிற ரேடியோ ஒவ்வொன்று கொடுத்தார்.

“பெட்டி திரும்பி வர்ற வரைக்கும் நீங்கதான் பெட்டி. காதுல விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்லணும். இடத்தை விட்டு நகரக் கூடாது. அவ்வளவுதான்.”

“இதுக்குப் போயி ஒரு பெட்டி எதுக்குங்க,” என்றார் சென்னியப்பன்.

முதல் சேதி வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை கிளம்பியது. ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்று. சென்னியப்பன் கேட்டார், சொன்னார். கருப்பணன் கேட்டான், சொன்னான். கருப்பணன் சொன்னது மேலே ராமாத்தாளுக்குக் கேட்டது போலவே கீழே சென்னியப்பனுக்கும் கேட்டது. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதுதானே பேச்சு. சென்னியப்பன் மறுபடி சொன்னார். அது மறுபடி கருப்பணன் காதில் விழுந்தது.

புதன்கிழமை வரை மண்ணெண்ணெய் வந்துகொண்டே இருந்தது. உச்சியூர்க்காரர்கள் ஒவ்வொரு தடவையும் டின்னைத் தூக்கிக்கொண்டு பாதி மலை இறங்கினார்கள். கீழே சார் பொறுக்கமாட்டாமல் ரேடியோவை எடுத்து, “போதும், நிறுத்துங்க,” என்று கத்தினார். சென்னியப்பன் அதையும் கேட்டார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பொறையமலை முழுக்க “போதும், நிறுத்துங்க” என்பதுதான் ஓடியது. உச்சியூரில் ஒருவர் மாட்டைக் கறந்துகொண்டிருந்தார், பாதியில் நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை சார் மூச்சிரைக்க மலையேறி வந்து, குடிசைக்கு ஒரு அட்டை மாட்டினார். அட்டையில் நாலு விதி.

முதல் விதி: சேதியின் தலையில் ஓர் எண் இருக்கும். இன்னும் எத்தனை கை மாற வேண்டும், அதாவது எத்தனை தாவல் பாக்கி என்று அது காட்டும். திருப்பிச் சொல்லும்போது எண்ணில் ஒன்றைக் குறைத்துச் சொல்லவும். பூஜ்யம் ஆனால் அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் விதி: யார் வழியாக வந்தது என்று தெரிய உன் பெயரையும் சேர்.

மூன்றாம் விதி: ஒரே ஆளிடமிருந்து அதே சேதி மறுபடி வந்தால் அது ரெட்டை. ரெட்டையைத் தள்ளிவிடு.

நாலாம் விதி: எந்தச் சேதியையும் அரை மணி நேரம் ஞாபகம் வை. பிறகு மறந்துவிடு.

பெட்டிகளுக்குள்ளேயும் இதேதான் இருந்தது என்று சார் விளக்கினார். நாலு பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் பொறையமலைக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் ரேடியோவிலேயே சங்கக் கூட்டம் வைத்துக்கொள்வார்கள். அன்றைய கூட்டத்தில் கருப்பணன் நாலாம் விதியில் ஒரு சந்தேகம் கிளப்பினான்.

“மறக்கோணும்கறதை ஞாபகம் வெச்சுக்கோணுமுங்களா, இல்ல அதையும் மறந்தரோணுமுங்களா?”

சென்னியப்பன் வெகுநேரம் யோசித்தார். பிறகு, தான் மதியமே ஒத்திகை பார்த்துவிட்டதாகச் சொன்னார். அரை மணி கண்ணை மூடி உட்கார்ந்து மண்ணெண்ணெயை மறந்தாராம். மறந்தாச்சா என்று சரிபார்த்தால் மண்ணெண்ணெய்தான் நினைவுக்கு வருகிறதாம்.

“எம்பட ஊட்டுக்காரரு கல்யாணத்தன்னிக்கு என்னையப் பாத்துச் சொன்னதே எனக்கு இன்னும் மறக்கல,” என்றாள் ராமாத்தாள். “அரை மணில எப்புடி மறக்கறதுங்க?”

“என்னுங்க சொன்னாரு?” என்றான் கருப்பணன்.

“உப்புப் பத்தலைன்னாரு.”

நாலாம் விதி மனுஷ சக்திக்கு மீறியது என்று முடிவாயிற்று. அதற்குப் பதில் வருகிற சேதியையெல்லாம் குடிசைச் சுவரில் கரியால் எழுதி வைப்பது, எதையும் அழிக்காமல் இருப்பது, புதிதாக எது வந்தாலும் சுவரைப் பார்த்து ரெட்டையா இல்லையா என்று தீர்மானிப்பது என்று ஏற்பாடு.

முதல் விதியில் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். எந்த எண் என்று அட்டையில் விவரமாகப் போடவில்லை. ஆகவே கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் குறைத்தார்கள். நர்ஸம்மா பன்னிரண்டு மணிக்கு வருகிறார், ஐந்து குழந்தைகளுக்கு ஊசி என்று கீழிருந்து கிளம்பிய சேதி, உச்சியூர் போய்ச் சேரும்போது ஒன்பது மணி, இரண்டு குழந்தை என்று ஆகியிருந்தது. மீதி மூன்று குழந்தைகளும் நர்ஸம்மாவைத் தூரத்தில் கண்டதும் சந்தோஷமாக மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

இந்த நிலைமையில்தான் நாச்சிமுத்து பெண் கேட்டான்.

காரைக்காட்டில் சார் வீட்டுக்கு அடுத்த கட்டடம் மாவு மில். அதை நடத்தி வந்தவள் மயிலாத்தாள், அங்கண்ணனின் மகள். இடி விழுவதற்கு முன்னால், சாரிடம் பேட்டரி வாங்கப் போன ஒரு நாளில் நாச்சிமுத்து அவளைப் பார்த்தான். மூக்கிலும் புருவத்திலும் ராகி மாவு. பெல்ட் கழன்ற மோட்டாரை ஒரு உதை உதைத்து ஓட வைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து, “பேட்டரியைத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்க, ஆசிட்டு ஊத்துது,” என்றாள். முப்பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவனிடம் அவ்வளவு அக்கறையாகப் பேசியது கிடையாது. அன்றிலிருந்து வேட்டியில் விழுந்த ஓட்டையைத் தைக்காமலே வைத்திருந்தான்.

பெண் பார்க்க வரலாமா என்று நாச்சிமுத்து மேலிருந்து சேதி அனுப்பினான். இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று சார் சொல்லியிருந்தாரே. ஒன்றரை மாசமாகக் குளிப்பதற்குக்கூட ரேடியோவுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் கொண்டு வந்து ஊற்றிக்கொண்டிருந்தான். மறுநாளே பதில் வந்தது. அனுப்பியது காரைக்காடு அங்கண்ணன், வழி சென்னியப்பன், வழி கருப்பணன், வழி ராமாத்தாள். சேதி: சம்மதம்.

நாச்சிமுத்துவின் அக்கா குப்பாயிதான் அவனுக்குப் பதிலாகப் போய்ப் பெண் பார்த்தாள். திரும்பி வந்து, பெண் நல்ல பெண், மூக்கில் மட்டும் ஏதோ வெள்ளையாக இருக்கிறது என்றாள். “அது ராகிங்கக்கா,” என்றான் நாச்சிமுத்து. அன்றைக்கே அடுத்த சேதி அனுப்பினான். பெண் கொடுக்கச் சம்மதமா?

காரைக்காட்டில் அங்கண்ணன் மகளைப் பார்த்தார். மயிலாத்தாள் சல்லடையைத் தட்டிக்கொண்டே சரி என்று தலையசைத்தாள். அவர் சாரிடம் போய் ஒரே வார்த்தையில் பதில் அனுப்பச் சொன்னார். சம்மதம்.

முதல் கரட்டில் சென்னியப்பன் அதைக் கேட்டார். எழுந்து சுவரைப் பார்த்தார். அனுப்பியது அங்கண்ணன். சேதி, சம்மதம். நாலு நாளைக்கு முன்னால் கரியால் எழுதியது அப்படியே இருந்தது. எழுத்துக்கு எழுத்து அதே. ரெட்டை என்று தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

சாயங்காலக் கூட்டத்தில் நாச்சிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“ஏனுங்கண்ணா, காரைக்காட்டுல இருந்து எனக்கு ஏதாச்சும் வந்துச்சுங்களா?”

“புதுசா ஒண்ணும் வல்லியே தம்பி,” என்றார் சென்னியப்பன். “ஒரு ரெட்டை வந்துச்சு. தள்ளிட்டேன்.”

“என்ன ரெட்டைங்க?”

“அதைச் சொல்லிட்டா அப்பறம் தள்ளுனதுக்கு என்ன அர்த்தம்?”

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது.

மறுநாளும் அங்கண்ணன் சம்மதம் என்று அனுப்பினார். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் சென்னியப்பன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து, மனசுக்குள் ஒரு திருப்தியோடு தள்ளினார். மேலே நாச்சிமுத்து ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். கீழே அங்கண்ணனுக்குக் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. சம்மதம் சொல்லி ஆறு நாளாகிறது, மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு மூச்சுப் பேச்சு இல்லை. ஆடி பிறக்க ஐந்து நாள்தான் இருக்கிறது. ஆடியில் நல்ல காரியம் பேச முடியாது. அதற்குள் ஒன்றும் முடிவாகவில்லை என்றால் கோழிப்பண்ணைக்காரன் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். கோழிப்பண்ணைக்காரன் போன மாசமே வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தான். போகும்போது முப்பது முட்டையும் வைத்துவிட்டுப் போனான்.

மயிலாத்தாள் மில்லை மூடிவிட்டு சாரிடம் வந்து நின்றாள். சார் முழுக்கதையையும் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“ரெண்டு தடவையும் ஒரே வார்த்தையம்மா. ரெட்டைன்னு நினைச்சுத் தள்ளிட்டானுங்க. கூடவே ஒரு வரிசை எண் போட்டு அனுப்பு. வேற சேதின்னு புரிஞ்சுக்குவாங்க.”

மயிலாத்தாள் யோசித்து, சம்மதம் மூன்று என்று அனுப்பச் சொன்னாள்.

சென்னியப்பன் கேட்டார். சுவரைப் பார்த்தார். சம்மதம் இருந்தது, சம்மதம் மூன்று இல்லை. புதுச் சேதி. எண்ணில் ஒன்றைக் குறைத்து, சம்மதம் இரண்டு என்றார். கருப்பணன், சம்மதம் ஒன்று என்றான். ராமாத்தாள் விரலில் எண்ணிச் சரிபார்த்துவிட்டு மேலே அனுப்பினாள்.

நாச்சிமுத்துவின் மடியில் ரேடியோ கரகரத்தது. அனுப்பியது காரைக்காடு அங்கண்ணன். வழி சென்னியப்பன், வழி கருப்பணன், வழி ராமாத்தாள். சம்மதம் பூஜ்யம்.

நாச்சிமுத்து அதைச் சுவரில் எழுதினான். எழுதிவிட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். அரை மணி நேரத்தில் மறந்துவிடலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறதே, அது நிஜமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தான். அரை மணி போயிற்று. ஒரு மணியும் போயிற்று. ராகி மாவு போகவில்லை.

அன்றைய கூட்டம் துக்க வீடு மாதிரி ஆரம்பித்தது. கருப்பணன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“பூஜ்யம்னா இல்லேன்னு அர்த்தமில்லீங்க. பூஜ்யத்துக்குக் கீழ போனாத்தான் இல்ல. இது சம்மதமும் இல்ல, சம்மதமில்லாமயும் இல்ல.”

“எனக்கு வர்றப்ப ஒரு சம்மதம் இருந்துச்சே,” என்றாள் ராமாத்தாள். “கருப்பணா, உனக்கு வர்றப்ப?”

“ரெண்டுங்க்கா.”

“அண்ணனுக்கு?”

“மூணு,” என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டு அவரே அதிர்ந்து போனார். ஏதோ பெரிய விஷயம் கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்பது நாலு பேருக்கும் தெரிந்தது. சென்னியப்பன்தான் அதை எட்டிப் பிடித்தார்.

“அப்பிடின்னா கீழ சம்மதம் நெறையா இருக்குது. மேல ஏற ஏறக் கொறையுது. பொண்ணுக்குக் குளிரு ஆகாதாட்ட இருக்குது.”

நாச்சிமுத்துவுக்கு உயிர் வந்தது. குளிர்தானா? குளிருக்கு வழி இருக்கிறதே. வீட்டில் பெட்டிக்குள் புதுக் கம்பளி இரண்டு இருந்தது. உடனே கீழே சேதி அனுப்பினான். குளிருக்குப் பயப்பட வேண்டாம், கம்பளி இரண்டு இருக்கிறது.

ராமாத்தாள், கம்பளி ஒன்று இருக்கிறது என்றாள். கருப்பணன், கம்பளி பூஜ்யம் இருக்கிறது என்றான். சென்னியப்பன் கொஞ்சம் திணறிவிட்டார். பூஜ்யத்தில் ஒன்று போனால் என்ன என்று நெடுநேரம் யோசித்து, கம்பளி ஒன்று பத்தவில்லை என்று அனுப்பினார்.

கீழே சார் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு அங்கண்ணன் வேட்டியை உதறிக் கட்டினார். பெண் கொடுக்கிறேன் என்றால் கம்பளி கேட்கிற சம்பந்தம் தனக்கு வேண்டாம் என்றார். மயிலாத்தாள் உள்ளே போய் ஒரு கம்பளியை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“எங்கே அம்மணி கிளம்பிட்ட?” என்றார் அங்கண்ணன்.

“இத்தனை நாளைக்கு இது ஒண்ணுதானுங்கப்பா பதில்னு வந்திருக்குது. மேல குளுருதாட்ட இருக்குது. குடுத்துப்போட்டு, என்னதான் நெனச்சுட்டிருக்கறாருன்னு நேர்ல கேட்டுட்டு வந்தர்றேன்.”

தனியாக விட முடியாது என்று அங்கண்ணனும் கிளம்பினார். துணைக்கு மயிலாத்தாளின் தாய்மாமனும் அத்தையும். ஆக நாலு பேர் மறுநாள் விடிந்ததும் மலையேறினார்கள். ஆடிக்கு இன்னும் மூன்று நாள்.

முதல் கரட்டில் சென்னியப்பன் எதிரே வந்து கும்பிட்டார். எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். உச்சியூருக்கு, கல்யாண விஷயமாக ஒரு வார்த்தை சொல்ல என்றார் அங்கண்ணன்.

“சேதிதானுங்களே அப்ப. எத்தனை பேருங்க?”

“நாலு பேருங்க.”

“அப்ப இங்கிருந்து மூணு பேருதாங்க போகோணும்,” என்றார் சென்னியப்பன். அட்டையையும் காட்டினார். தாய்மாமனுக்குக் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, டீ வைத்துக் கொடுத்தார். தாய்மாமனுக்கும் மூட்டு வலி. அட்டை ரொம்பவும் சரி என்றார். கிளம்பும்போது சென்னியப்பன் மயிலாத்தாளிடம், மேலே போய் வழி சென்னியப்பன் என்று மறக்காமல் சொல்லச் சொன்னார்.

நடுக்கரட்டில் கருப்பணன் அத்தையை நிறுத்திக்கொண்டான். மேக்கரட்டில் ராமாத்தாள் இரண்டில் ஒன்று போனால் ஒன்று என்று விரலில் காட்டி அங்கண்ணனை உட்கார வைத்தாள். பெண்ணைத் தனியே அனுப்ப மாட்டேன் என்று அவர் குதித்தார். ராமாத்தாள் அவருக்குக் களியும் கீரையும் போட்டாள். முதல் வாயிலேயே உப்புப் பத்தவில்லை என்றார். ராமாத்தாள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் அவர் குதிக்கவில்லை.

உச்சியூருக்கு மயிலாத்தாள் மட்டும் போய்ச் சேர்ந்தாள். குடிசை வாசலில் நாச்சிமுத்து தாடியும் ரேடியோவுமாக உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, சார் சொன்னது ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தான்.

“காரைக்காடு மயிலாத்தாங்க,” என்றாள் அவள். மூச்சு வாங்கியது. “வழி சென்னியப்பன். வழி கருப்பணன். வழி ராமாத்தா.”

“சேதி என்னுங்க?”

அவள் கம்பளியை அவன் மடியில் வைத்தாள். “சம்மதம்.”

நாச்சிமுத்து சுவரைத் திரும்பிப் பார்த்தான். அவசரப்படுகிற விஷயம் இல்லையே. சம்மதம் என்று ஒன்று இருந்தது, சம்மதம் பூஜ்யம் என்று ஒன்று இருந்தது. இரண்டும் அங்கண்ணன் அனுப்பியவை. மயிலாத்தாள் அனுப்பியதாகச் சுவரில் எங்கேயும் இல்லை. மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை பார்த்தான்.

“புதுசுங்க,” என்றான்.

சுவரில் இடம் இல்லை. அந்தப் பூஜ்யத்தின் மேலேயே கரியால் பெரிதாக எழுதினான்.

“வேட்டில என்னுங்க ஓட்டை?” என்றாள் மயிலாத்தாள்.

“நீங்க சொன்ன ஆசிட்டுங்க.”

அவள் ஓட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டு சார் மறுபடி மலையேறி வந்தார். நாலு குடிசையிலும் சுவரைச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கினார். ஆளுக்கொரு சிலேட்டுக் கொடுத்தார். இத்தனைக்கும் காரணம் நாலாம் விதியை விட்டதுதான் என்று அதட்டினார்.

“அரை மணிக்கு மேல எதையும் வெச்சிருக்காதீங்க. சிலேட்டைத் துடைங்க. மனசையும் துடைங்க. புரியுதா?”

அவர் அவ்வளவு கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. நாலு பேரும் ஆடி மாசம் முழுக்க மறக்கப் பழகினார்கள். முதலில் ராமாத்தாளுக்கு வந்தது. பிறகு கருப்பணனுக்கு. ஆவணி பிறந்தபோது சென்னியப்பன் காலையில் வைத்த சோற்றை மத்தியானம் கண்டுபிடித்து, யாரோ புண்ணியவான் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று கும்பிட்டுச் சாப்பிடுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

நாச்சிமுத்து இடத்தை விட்டு நகர மாட்டான் என்பதால் அவன் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றியே பந்தல் போட்டார்கள். மற்ற மூன்று பேரும் சாரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு சிலேட்டோடு வந்திருந்தார்கள். கெட்டிமேளம் முழங்கியது. நாச்சிமுத்து முதல் முடிச்சைப் போட்டான். இரண்டாம் முடிச்சை நாத்தனார் குப்பாயி போட்டாள். மூன்றாவதற்குக் கயிற்றை இழுத்தபோது சென்னியப்பன் கையை உயர்த்தினார்.

“முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டது. ரெண்டாவது குப்பாயி போட்டது, ஆளு வேற, அதனால செல்லும். மூணாவதும் குப்பாயி, அதே முடிச்சு. இது ரெட்டைங்க.”

“காலங்காலமா மூணு முடிச்சுத்தானுங்க,” என்றாள் குப்பாயி.

“போட வேண்டாங்கல. அரை மணி கழிச்சுப் போடலாம். அப்ப புதுசாயிரும்.”

கருப்பணன் சிலேட்டைப் பார்த்து ஆமாம் என்றான். ராமாத்தாளும் ஆமாம் என்றாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அங்கண்ணனும் ஆமாம் என்றார். கடைசி முடிச்சு விழும் வரை கெட்டிமேளம் நிற்கக் கூடாது. அதனால் தவில்காரரும் நாயனக்காரரும் நிறுத்தவில்லை. குப்பாயி கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தபடி வளைந்து நின்றாள். பத்து நிமிஷம் ஆனது. நாயனக்காரருக்குக் கண் வெளியே வந்துவிட்டது.

மயிலாத்தாள் இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டு போனாள். நாத்தனார் கையிலிருந்து கயிற்றை வாங்கி, மூட்டை கட்டுகிற மாதிரி ஒரு இறுக்கு இறுக்கினாள்.

“இது நான் போட்டது. ஆளு வேற.”

சென்னியப்பன் சிலேட்டை மேலும் கீழும் பார்த்தார். “செல்லுங்க,” என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு மயிலாத்தாள் தனக்குத்தானே வாக்கப்பட்டவள் ஆகிறாளே என்று கருப்பணன் ஒரு சந்தேகம் கேட்டான். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.

பந்தியில் மணமகனும் மணமகளும் பக்கத்தில் பக்கத்தில். எதிரே சென்னியப்பன், கருப்பணன், ராமாத்தாள் வரிசையாக. பாயசம் வந்த நேரத்தில் தாலி ஏறிச் சரியாக அரை மணி ஆனது. மூன்று பேரும் சொல்லி வைத்த மாதிரி சிலேட்டைத் துடைத்தார்கள். நாச்சிமுத்துவும் கடிகாரத்தைப் பார்த்தான். அவனும் அந்த நாலு பேரில் ஒருவன்தானே. சார் பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. கண்ணை மூடி, மனசையும் துடைத்துவிட்டுத் திறந்தான். பக்கத்து இலையில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“நீங்க எந்த ஊருங்க?”

மயிலாத்தாள் சாப்பிடுவதை நிறுத்தினாள். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“காரைக்காடுங்க.”

“மாவு மில்லுப் பக்கங்களா?”

“மில்லே என்னுதுங்க.”

நாச்சிமுத்துவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. “ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே. பொண்ணு பாக்க வரலாமுங்களா?”

மயிலாத்தாள் அவன் இலையிலிருந்த வடையை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டாள்.

“சம்மதம்.”

எதிரே சென்னியப்பன் அதைக் கேட்டார். சிலேட்டைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. “புதுச் சேதி,” என்று எழுந்து, பந்தல் முழுக்கக் கேட்கத் திருப்பிச் சொன்னார். கருப்பணன் எழுந்து சொன்னான். ராமாத்தாள் எழுந்து சொன்னாள். தவில்காரர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு வாரைத் தோளில் மாட்டினார். குப்பாயி மஞ்சள் கயிறு வாங்க அடிவாரத்துக்குக் கிளம்பினாள்.